முனுசாமி மகளும் மூன்றாம் நாற்காலியும்

1

சந்தவாசலுக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், என் தம்பியின் வாழைத் தோட்டத்து மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டு ஓர் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நான் ஆள் எடுத்தேன். இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். நான் குடியிருக்கும் ஊரிலும் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சிரித்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. அங்கே கால்பந்து என்றால் காலால் உதைப்பது இல்லை. இரண்டு பக்கமும் கூரான ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவன் மேல் ஒருவன் விழுவார்கள். ஒவ்வொரு சித்திரை மாத வாக்கிலும், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாக நின்று பொறுக்கிக்கொள்ளும். போன வருஷம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. பையனுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எடுத்த ஊருக்குப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். என்னையும் ஒரு கம்பெனியின் வேலை உத்தரவு அப்படித்தான் எங்கள் வீட்டுக்காரரோடு சேர்த்து அந்த ஊரில் கொண்டுபோய் இறக்கியது என்பதால், அந்தப் பையன்களின் முகத்தை டிவியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பாசம்.

நிஜத் தேர்வுக்குச் சில நாள் முன்னால் ரசிகர்கள் கூடி ஒத்திகை ஒன்று நடத்துவார்கள். மாக் டிராஃப்ட் என்பார்கள். ஓர் அணிக்கு ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்காருகிறவர் அந்த அணியின் முதலாளி மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு பையன் பெயரைச் சொல்லவேண்டும். ஒருவர் எடுத்த பையனை அடுத்தவர் எடுக்க முடியாது. பந்தயம் கிந்தயம் ஒன்றும் கிடையாது. கௌரவம் மட்டும்தான். கௌரவம் மட்டும் என்றால் சண்டை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

2

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் சுமதி. ஏரிக்கரையில் பனி கொட்டும் ஓர் ஊரில், தண்ணீர் வரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன்.

அந்த ஊருக்குப் போன புதிதில், ஞாயிற்றுக்கிழமையானால் தெருவில் ஓர் ஆளைப் பார்க்க முடியாது. ஏதாவது இழவு விழுந்துவிட்டதோ என்று நினைப்பேன். அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வால்ட்டர் என்ற பெரியவர்தான், "எல்லாரும் ஆட்டம் பார்க்கிறார்கள்" என்று சொல்லி, மறுநாள் சாப்பாட்டு அறை டிவியில் பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஆனால் பந்து கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வரிசை ஆட்கள் குனிந்து நின்று, முட்டி, பிடித்து, தள்ளினார்களே, அது தெரிந்தது. கையில் இருந்த தயிர்ச்சாதத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது கபடி!" என்று கத்தினேன். வால்ட்டர் பயந்துபோனார்.

பள்ளிக்கூடத்தில் நான் கபடி ஆடியவள். பிடிக்கிற வேலை, இடது மூலை. போளூர், செங்கம் என்று பாவாடைக்கு உள்ளே டிரவுசர் போட்டுக்கொண்டு போய் ஆடியிருக்கிறோம். மைக்கில் எப்போதும் பாடிப்போகிறவள் பெயர்தான் வரும். கணுக்காலைப் பிடித்து மண்ணில் சாய்த்தவள் முட்டியைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கவேண்டியதுதான். இந்த ஆட்டத்திலும் அதே கதை. பந்தை எறிகிற பையன் படம் சுவரெல்லாம் இருக்கும். அவனை யாரும் வந்து சாய்த்துவிடாமல் முன்னால் நின்று மறிக்கிற காவல்காரப் பையன் பெயர் அவன் தெருவில் இருப்பவர்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த ஊர் அணி என் அணி. பெரும்பாலும் தோற்கிற அணி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ச் சங்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "சுமதிக்கு எதற்கு இந்த முரட்டு ஆட்டம், பொங்கல் விழாவுக்குக் கோலம் போட வரலாமே" என்று. கோலமும் போடுவேன், இதையும் பார்ப்பேன். எங்கள் வீட்டுக்காரர் செங்கத்துக்காரர், பாதி ஆட்டத்தில் சோபாவிலேயே குறட்டை விடுவார். மகள் நிலா அங்கேயே பிறந்தவள், கல்லூரியில் படிக்கிறாள். பிள்ளைகள் அந்நிய மோகத்தில் விலகிப்போகிறார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். அவள் சனிக்கிழமை தவறாமல் பரதநாட்டியம் போவாள், வரகரிசி வாங்கிச் சமைப்பாள், என்னைப் பார்த்து, "மா, நீ ரொம்ப மாறிட்டே" என்பாள்.

ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது அப்பாவுக்குப் போனில் ஆட்டம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பந்தைத் தவிர மத்த எல்லாத்தையும் புடிக்கிறானுங்க."

இதைவிடச் சரியாக அந்த ஆட்டத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

3

அப்பா பெயர் முனுசாமி. நான் மு. சுமதி. இந்த ஒற்றை 'மு' விசா மனுவில் போய் உட்கார இடமில்லாமல் தவித்தது. குடும்பப் பெயர் என்ன என்றார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றேன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள். அப்பா பெயரை முழுதாக எழுதினேன். அன்று முதல் நான் மிஸஸ் முனுசாமி. மிஸஸ் முனுசாமி எங்கள் அம்மா. சொல்லிப் பார்த்தேன், எந்தக் கவுண்டரிலும் எடுபடவில்லை.

வீட்டுக்காரருக்கு அவர் அப்பா பெயர், நிலாவுக்கு அவள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். ஒரு தடவை விமான நிலையத்தில், இந்தக் குழந்தை உங்களுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. "என் மூக்கைப் பாருங்கள், அவள் மூக்கைப் பாருங்கள்" என்றேன். அதற்கும் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்தார்கள்.

வால்ட்டர் என்னை ரசிகர் சங்கத்தில் சேர்த்துவிட்டபோது, முனுசாமி அவர்கள் வாயில் நுழையவில்லை. மூனி என்று வெட்டிவிட்டார்கள். கோழி இறக்கை வறுவல் விற்கிற ஓர் உணவுக்கடையின் பின்கூடத்தில் சங்கம் கூடும். சுவரில் பெரிய வெள்ளைப் பலகை. ஒத்திகையில் யார் யாரை எடுத்தார்கள் என்று அதில் எழுதி, பக்கத்தில் எடுத்தவர் பெயரையும் எழுதுவார்கள். அடுத்த வருஷ ஒத்திகை வரை அதை யாரும் அழிக்கக் கூடாது. அது சங்கத்தின் சட்டம். நான் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பலகையில் மூனியாகவே தொங்கினேன்.

அதுவும் எங்கள் அணியின் பெயருக்கு நேரே இல்லை. புதிதாக வந்தவள் என்று பக்கத்து மாநில அணியின் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். அது எங்களுடைய பரம எதிரி அணி. அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் மனசு வராது. எனக்கு மட்டும் வந்ததா என்ன? பத்து வருஷத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரிக்கு ஆள் எடுத்தேன். எங்கள் அணியின் நாற்காலி வால்ட்டருடையது. அதில் ஒருவர் உட்கார்ந்தால் அவராக எழுந்தால்தான் உண்டு.

4

இந்த வருஷம் வால்ட்டர் எழுந்தார். முட்டி வலி, தெற்கே மகன் வீட்டுக்குப் போகிறார். மூப்பு வரிசைப்படி அடுத்தது யார் என்று அவரே பட்டியலைப் பார்த்துச் சொன்னார். நான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. எங்கள் அணிக்கு இந்த வருஷம் மூன்றாவது வாய்ப்பு. ஊர் முழுக்க ஒரே பேச்சு: ட்ரெவின் என்கிற எறிகிற பையனை எடுக்கவேண்டும். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாக ஓர் எறிகிறவனை எடுக்கிறோம். முன்னால் மறிக்க ஆளில்லை. அவன் அடி வாங்கி, தோள் விலகி, கட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்காருகிறான். பிறகு இன்னொருவன். எனக்கு வேண்டியது மோசஸ். மறிக்கிற பையன், ஆறரை அடி, அவனைத் தாண்டி ஒருத்தன் போய்விட முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால், மோசஸ் என்று சொல்லவேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஒத்திகை தேதியைச் சொன்னார்கள். அப்பாவின் முதல் வருஷத் தெவசத்துக்கு அடுத்த நாள். நான் சந்தவாசலில் இருப்பேன். போனில் கலந்துகொள்கிறேன் என்று எழுதினேன். கெவின் என்ற இளைஞரிடமிருந்து பதில் வந்தது. சங்கத்தில் எனக்கு அப்புறம் சேர்ந்தவர், நன்றாகப் பேசுவார், இணையத்தில் ஆட்டத்தைப் பற்றி நிகழ்ச்சி நடத்துகிறார். மிகவும் மரியாதையான பதில். குடும்பத்தோடு நேரத்தைச் செலவிடுங்கள், இந்த முறை நான் உட்கார்ந்துகொள்கிறேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. இந்த மாதிரி மரியாதை எனக்கு நன்றாகப் பழக்கம். பதவி உயர்விலும் இதே மரியாதையைப் பார்த்திருக்கிறேன்.

நிலாவிடம், என் போனுக்கு வீடியோ போட்டுப் பிடித்துக்கொண்டு நீ அங்கே போய் உட்காரவேண்டும் என்றேன்.

"மா, விட்டுடேன். நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம்."

"நெக்ஸ்ட் இயர் எவன் குடுப்பான்? அந்த நாற்காலில உக்காந்தவங்க எழுந்ததே இல்ல. வால்ட்டர் உக்காந்தப்ப நீ பொறக்கவே இல்ல."

"அவங்க உன்னை சிரிக்கிறாங்க. எனக்கு அது பிடிக்கல."

"உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னு சொல்லணும்."

"இப்ப இது முக்கியமா?"

முக்கியமில்லைதான். அவள் கண் கலங்கியிருந்தது. அம்மாவை நாலு பேர் கேலி செய்வதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை, கோபமாக வருகிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. எனக்கு அந்த நாற்காலி வேணும்," என்றேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டாள். போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். அதுதான் ஒப்பந்தம்.

5

அங்கே சனிக்கிழமை சாயங்காலம் என்றால் இங்கே ஞாயிறு விடிகிற நேரம். தம்பி ஏழுமலை வீட்டில் சிக்னல் வராது. தோட்டம் மேடு, அங்கே நன்றாக வரும். எப்படியும் காட்டுப்பன்றி வந்ததா என்று பார்க்க அவன் விடியலில் தோட்டத்துக்குப் போவான். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அணிச் சட்டையைப் போட்டிருந்தேன். முதுகில் ஆங்கிலத்தில் முழுப் பெயர், முனுசாமி என்று. ஏழுமலைக்கு அதைப் படித்ததும் சிரிப்பு.

"நைனா பேரை முதுவுல எழுதிக்கினு ஊர்கோலம் போற."

"உன் பைக்ல உன் பொண்ணு பேரு எழுதலயா? வுடுடா."

பன்றி வந்திருந்தது. புதிதாக நட்ட கன்றுகளில் ஒரு வரிசை முழுக்கக் கிளறிக் கிடந்தது. ஏழுமலை இடுப்பில் கை வைத்து நின்றான்.

"போன வருசமும் இதே எடத்துலதானே தோண்டுச்சு?" என்றேன்.

"ஆமாக்கா."

"அப்ப வேலி போடாம இன்னாத்துக்குடா கன்னு வெக்கற?"

"வேலி அப்பால பாத்துக்கலாம்க்கா. பருவம் போய்டுமேன்னு கன்னு வெச்சிட்டேன்."

நான் அவனைத் திட்ட வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. நிலா. பின்னால் கூடம் நிரம்பி வழிந்தது. வால்ட்டர் நடுவில் நின்று நாற்காலிகளை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நாற்காலி அந்த எதிரி அணியுடையது, மூன்றாவது எங்களுடையது. இரண்டும் காலியாக இருந்தன. கெவின் மூன்றாவதை நோக்கி நடந்தார்.

"வால்ட்டர்!" என்று கத்தினேன். வாழைத் தாரில் இருந்த அணில் ஓடிவிட்டது. "வரிசைப்படி அது என் நாற்காலி!"

எல்லாத் தலையும் போன் பக்கம் திரும்பியது. கெவின் போனுக்கு அருகில் வந்து குனிந்தார்.

"நீங்கள் இங்கே இல்லையே. நடுவில் லைன் போய்விட்டால் என்ன செய்வது?"

"போனால் அப்புறம் பேசலாம். இப்போது இருக்கிறதே."

வால்ட்டர் தலையைச் சொறிந்தார். "ஓட்டுக்கு விடலாமா?" என்றார். ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? கெவினுக்கு அங்கே பாதிப் பேர் தோழர்கள். எனக்கு அங்கே இருப்பது வாயைத் திறக்காத ஒரு மகள்.

அப்போதுதான் அது வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதாக நினைக்காதீர்கள், கபடிக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில் வருகிற மாதிரி தானாக வந்தது.

"எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. உத்தி பிரிப்பது. சம பலம் உள்ள இரண்டு பேர் ஜோடி சேர்வார்கள். யாருக்கும் கேட்காத தூரத்துக்குப் போய் ஆளுக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பி வந்து, தலைவரிடம் இது வேண்டுமா அது வேண்டுமா என்று இரண்டு பெயரையும் சொல்வார்கள். எந்தப் பெயர் யாருடையது என்று தலைவருக்குத் தெரியாது. அவர் கேட்கிற பெயர்க்காரர் அந்தப் பக்கம், மற்றவர் இந்தப் பக்கம். நானும் கெவினும் ஜோடி. தலைவர் வால்ட்டர். அவர் கேட்கிற பெயர்க்காரருக்கு மூன்றாவது நாற்காலி, மற்றவருக்கு இரண்டாவது."

கெவின் சிரித்தார். "நாணயம் சுண்டுகிற மாதிரிதானே?"

"இல்லை. நாணயம் யாரை வேண்டுமானாலும் பிரிக்கும். உத்தியில், ஜோடி சேருகிற இரண்டு பேரும் சமம் என்று முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் ஜோடியே சேராது. நீ எனக்குச் சமம் என்று நான் ஒத்துக்கொள்கிறேன் கெவின். நீ?"

அந்தக் கூடத்தில் கோழி வறுபடுகிற சத்தம் சந்தவாசல் வரைக்கும் கேட்டது. ஏழுமலைக்கு ஆங்கிலம் முழுதாகப் புரியாது. ஆனால் டீ பிளாஸ்க் மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

கெவின் கொஞ்சம் சிவந்து போனார். ஆனால் நேரான பிள்ளைதான். "சரி. சமம்," என்றார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. இத்தனை வருஷம் உழைத்த அலுவலகத்தில்கூட அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நிலாவும் கெவினும் வாசலுக்குப் போனார்கள். பெயர் நான் கொடுத்தேன், மலையிலிருந்து இறங்கி வருகிற இரண்டு பொருள்கள்: சாமை, தேன். அர்த்தம் சொன்னதும் கெவின் யோசிக்காமல் தேனை எடுத்துக்கொண்டார். எனக்குச் சாமை.

"நிலா, இப்ப அவரு தோள்ல கை போட்டுக்கினு உள்ள போ."

"மா! அதெல்லாம் முடியாது."

"தோள்ல கை போடாத உத்தி செல்லாது."

போட்டாள். இரண்டு பேரும் தோளில் கையோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கூடத்துக்குள் வந்தபோது எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதில் நானும் சேர்ந்துகொண்டேன். வால்ட்டர் முன்னால் போய் நின்றார்கள். வாயைத் திறக்கமாட்டேன் என்ற என் மகள், சுத்தமான தமிழில், கணீரென்று கேட்டாள்.

"சாமை வேணுமா, தேன் வேணுமா?"

வால்ட்டர் இரண்டு சொல்லையும் வாயில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். பாவம், சாமை அவருக்கு வரவில்லை.

"தேன்," என்றார்.

கூடம் ஆர்ப்பரித்தது. கெவின் மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றான் ஏழுமலை.

"தோத்துட்டேன்டா."

"அப்ப கிளம்பலாமா? டீ ஆறிப்போய்டுச்சு."

வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். நான் கேட்டு, நான் வைத்த உத்தி. முறைப்படி தோற்றிருக்கிறேன். குறை சொல்ல வாயில்லை. திரும்பவும் அதே எதிரி நாற்காலி.

6

நிலா போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து போனை மேசை மேல் சாய்த்துவைத்தாள். முதல் நாற்காலிக்காரர் ஓட்டக்காரப் பையன் ஒருவனை எடுத்துவிட்டார். அடுத்து நான். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிஷம் தருவார்கள். என்னை யாரும் கவனிக்கக்கூட இல்லை. எல்லார் கண்ணும் கெவின் மேல். அந்த எதிரி அணியிடம் ஏற்கனவே நல்ல எறிகிற பையன் இருக்கிறான், அதனால் நான் வேறு யாரையோ எடுப்பேன், கெவின் ட்ரெவின் பெயரைச் சொல்வார், கூடம் எழுந்து நின்று கத்தும். சிலர் இப்போதே எழுந்து நிற்கத் தயாராக இருந்தார்கள்.

ஏழுமலை கிளறிக் கிடந்த வரிசையில் குனிந்து, பிழைக்கிற கன்றுகளைத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தான். வேலி இல்லாத அதே இடத்தில். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் மேல் மட்டும் இல்லை. என் ஊர் அணி மேல், அந்தக் கூடம் மேல், நட்டுக்கொண்டே இருக்கிற அத்தனை பேர் மேலும்.

வால்ட்டர், "மூனி, நேரமாகிறது," என்றார்.

"ட்ரெவின்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. அல்லது கேட்டதை நம்பவில்லை. நிலா போனைப் பார்த்தாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் வருஷக் கணக்காக நான் சாப்பாட்டு மேசையில் புலம்பியதைக் கேட்டிருக்கிறாள். என்ன செய்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது. எழுந்து நின்றாள்.

"ட்ரெவின்," என்று கத்தினாள். "இரண்டாவது நாற்காலி எடுப்பது ட்ரெவின்!"

அப்புறம் நடந்த ரகளையை எப்படிச் சொல்ல? ஒருவர் கோழி எலும்பைத் தட்டில் வீசினார். அந்த அணிக்கு எறிகிறவன் எதற்கு, இது கணிப்பே இல்லை, வேண்டுமென்றே செய்வது என்று கூச்சல். கெவின் எழுந்து, "அவர்கள் நிஜத்தில் இப்படிச் செய்யவே மாட்டார்கள்," என்றார்.

"எதிரி என்றால் என்ன நினைத்தீர்கள்? நமக்கு வேண்டியதைத் தட்டிப் பறிக்கிறவன்தான் எதிரி," என்றேன். "இத்தனை வருஷம் இந்த நாற்காலியை எனக்குக் கொடுத்துவைத்தீர்கள். எதிரி எப்படி யோசிப்பான் என்று இங்கே என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் சொன்னது சொன்னதுதான்."

வால்ட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையில் எழுதினார். நாற்காலியில் இருப்பவர் சொன்ன பெயரை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை.

இனி கெவின். ஐந்து நிமிஷம். அவர் இன்னொரு எறிகிறவனை எடுக்கலாம், தரம் குறைந்தவன்தான். கூடத்தில் சிலர் அவன் பெயரைக் கத்தினார்கள். கெவின் போனைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கபடியில் மூலையில் நிற்கிறவள் மூச்சுக்கூட விடக் கூடாது, பாடி வருகிறவன் தானாகக் காலை உள்ளே வைக்கவேண்டும்.

"மோசஸ்," என்றார் கெவின். பிறகு நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். "உண்மையில் அவன்தான் வேண்டும், எனக்கும் தெரியும். அதைச் சொன்னால் இவர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள் என்று சும்மா இருந்தேன். நீ ஜெயித்துவிட்டாய், மூனி."

"மூனி இல்லை."

சொன்னது நான் இல்லை. நிலா. போன் ஆடியது. அவள் பலகையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். வால்ட்டர் கையிலிருந்த பேனாவை வாங்கி, ட்ரெவினுக்குப் பக்கத்தில் இருந்த மூனியை உள்ளங்கையால் துடைத்தாள். முழுதாக எழுதினாள், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், ஓர் எழுத்து விடாமல்.

"முனுசாமி," என்றாள் கூடத்தைப் பார்த்து. "என் தாத்தா பெயர். நாலு எழுத்து. ட்ரெவினும் நாலு எழுத்துதான் தமிழில். அது வாயில் வருகிறது இல்லையா, இதுவும் வரும். சொல்லுங்கள்."

கெவின்தான் முதலில் சொன்னார். கொஞ்சம் நொண்டியது. மறுபடி சொன்னார். வால்ட்டர் சொன்னார். அப்புறம் கூடம்.

தாத்தா இறந்தபோது நிலாவுக்குப் பரீட்சை, வரமுடியவில்லை. அதை அவள் பேசியதே இல்லை, மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏழுமலை மண் கையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்தான். அத்தனை வெள்ளைக்காரர்களும் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நைனா பேரு அங்க இன்னாத்துக்குக்கா சொல்றாங்க?"

சட்டையின் கழுத்தை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் ஆள் எடுத்திருக்கேன்டா," என்றேன் அப்புறம். "நீ மொதல்ல வேலி போடு."

7

திரும்பி வந்துவிட்டேன். கெவின் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அடுத்த வருஷம் நாற்காலிக்கு மூப்பு வரிசை வேண்டாம், எல்லாருமே ஜோடி சேர்ந்து உத்தி பிரிக்கலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறார்களாம். ரகசியப் பெயர்கள் நான் தரவேண்டுமாம். தருகிறேன். சாமை, தேன், கடுக்காய், புளி, பலா. மலையில் பெயருக்குப் பஞ்சமா?

நிஜத் தேர்வில் எங்கள் அணி என்ன செய்தது என்று கேட்கிறீர்கள். ட்ரெவினைத்தான் எடுத்தது. அலுவலகத்தில் ஒருவர், "உங்கள் கணிப்பு தப்பாகிவிட்டதே" என்றார். என் கணிப்பில் தப்பில்லை, அணிதான் தப்பாக எடுத்திருக்கிறது என்றேன். பனி விழட்டும், அந்தப் பையன் தோளில் கட்டோடு ஓரமாக உட்காரட்டும், அப்போது பேசலாம். அவனுக்கு அடிபடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன், ஆனால் படும்.

நேற்று சாயங்காலம் அந்த உணவுக்கடைக்கு நிலாவோடு போனேன். வறுவல் வாங்கிக்கொண்டு பின்கூடத்தை எட்டிப் பார்த்தோம். பலகையில் எங்கள் அணிக்கு எதிரே மோசஸ் இருக்கிறான். அதற்கு மேல் வரியில் அப்பா பெயர். அடுத்த சித்திரை வரை அதை யாரும் அழிக்க முடியாது.